நடுவில் ஆள் இல்லாமல்

தாத்தா தூங்குறாரு என்று முதல் நாள் ஃபோனில் சொன்னேன். மறுநாள் கடைக்குப் போயிருக்காரு என்றேன். நேற்று, ஃபோன் ரிப்பேர், தண்ணியில போட்டுட்டாரு என்றேன். மோனி சிரித்தாள். "தாத்தாவா? தாத்தா போய் ஃபோனத் தண்ணியில போடுவாரா?" என்று சிரித்தாள், நானும் கூடச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே சுவரில் புதிதாக மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்த்தேன். எப்படி வந்தது எனக்கு அந்தச் சிரிப்பு. ஆம்பூரில் பஸ் ஏறியதிலிருந்து அதுதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் சிரிப்புகூட இல்லை, என் சிரிப்பு. வாணியம்பாடி போய்விட்டது, திருப்பத்தூரும் போய்விட்டது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் மண்டைக்குள் பஸ் அதிர்கிறது, அது நன்றாக இருக்கிறது, அதிரும்போது நினைப்பு ஒன்றோடொன்று சேராமல் உதிர்ந்துவிடுகிறது. பக்கத்து சீட்டு அம்மாள் சாக்கு சுற்றிய பலாப்பழத்தை மடியில் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறாள். "எங்க போற கண்ணு?" என்று கேட்டாள். சேலம், பொண்ணு அங்க ஆஸ்டல்ல தங்கி நர்சிங் படிக்கிறா, இன்னிக்குப் பரீட்சை முடியுது, கூட்டிட்டு வரப் போறேன் என்றேன். "நல்லது நல்லது, பாத்த ஒடனே ஓடியாந்து கட்டிக்கும் பாரு." ஓடித்தான் வருவாள். வந்து என் முதுகுக்குப் பின்னால் தாத்தா எங்கே என்று எட்டிப் பார்ப்பாள், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் கூட்டிவரப் போனவர் அவர்தான், என் மாமனார், எனக்கு லீவு கிடைக்காது என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் எட்டிப் பார்க்கும்போது நான் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தாத்தா செத்துப்போய்ட்டாரு. சனிக்கிழமை எடுத்துட்டோம். உனக்குச் சொல்லல.

சொல்ல வேண்டாம் என்று முதலில் வாயைத் திறந்தது நானில்லை, மாமாவின் அண்ணன் மகன் வரதன், வேலூரிலிருந்து வந்தவர். "இன்னும் ரெண்டு பரீட்சை கீதுன்றியே, இப்ப சொன்னா பொண்ணு இன்னாத்த எழுதும்? ஒரு வருசம் வீணா பூடும். முடியட்டும்மா." எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபம். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து தலையாட்டித்தான் காலம் போனது. மாமாவும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டில் வேறு பெண் கிடையாது, பட்டாளத்திலேயே பாதி வயசைக் கழித்தவருக்கு மருமகளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, எனக்கு அவர் மீசையைப் பார்த்தாலே நாக்கு உள்ளே போய்விடும். மோனி அப்பாவிடம் சொல்வார், மோனி அப்பா என்னிடம் சொல்லுவார். மோனி அப்பா போன பிறகு மோனி. ஒரே அறையில் மூன்று பேரும் இருப்போம். "உங்கம்மாவ சாப்பிடச் சொல்லு" என்பார். "அப்புறம் சாப்புடறேன்னு சொல்லு" என்பேன். நாலு வயசுக் குழந்தை நடுவில் நின்று, இல்லாத மீசையைத் தடவிக் காட்டி, அவர் குரலிலேயே எனக்குச் சொல்லும். என் குரலில் அவருக்குச் சொல்லும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொள்வார். நானும் திரும்பிக்கொள்வேன்.

மோனி அப்பாவை நாட்றம்பள்ளி ரோட்டில் லாரி அடித்துவிட்டது. சம்பத் என்று பெயர், மாமாவுக்கு ஒரே பிள்ளை. அப்போதும் இப்படித்தான், குழந்தைக்குச் சொல்ல வேண்டாம் என்று வீடே கூடித் தீர்மானித்தது. அப்பா துபாய் போயிருக்காரு, பொம்மை வாங்கிட்டு வருவாரு. அந்த எட்டி உதைக்கிற பொம்மையா என்று அது கேட்டது, ஆமாம் என்று யாரோ சொன்னார்கள், நான் அடுப்படியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன், யாரோ என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டிருந்தார்கள், அது காது வழியாக வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. மாமா சுடுகாட்டிலிருந்து வந்தார். குளித்தார். ஈர வேட்டியோடு நேராக வந்து குழந்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "மோனி, அப்பா துபாய் போகல. அப்பா செத்துப்போய்ட்டாரு. லாரி இடிச்சிடுச்சி. இனிமே அப்பா வரமாட்டாரு. நான் இருக்கேன்." அவ்வளவுதான். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள், பச்சைப் பிள்ளைகிட்ட இப்படியா சொல்லுவாங்க என்று. எனக்கும் அப்படியொரு கோபம் வந்தது, இந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்கிறதா என்று. அப்புறம் எவ்வளவோ நாள் கழித்து, கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று புரிந்தது, இனிமே வரமாட்டாரு என்று அதுவரைக்கும் எனக்குமே யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்தான் சொன்னார். குழந்தையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி. ஊசி தோலில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது, தையல் கோணிக்கொண்டு போய்விட்டது, சூப்பர்வைசர் திட்டினான்.

ஊத்தங்கரை. பஸ் நிற்கிறது, வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பெண் ஜன்னலைத் தட்டுகிறாள். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன், பார், திரும்பவும் தலைதான். மோனிக்கு வெள்ளரிப் பிஞ்சு பிடிக்கும், வாங்கியிருக்கலாம், வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வது, இந்தா வெள்ளரிப் பிஞ்சு, தாத்தா செத்துப்போய்ட்டாரு என்பதா. சாகும்போது அவர் வயசு எழுபத்திரண்டு என்று வரதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படியிலிருந்து காதில் விழுந்ததுதான். எனக்கென்று எதுவும் சொன்னதில்லை, பேத்திக்குச் சொன்னார், நான் சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது வீட்டுக்குத் தெரியாமல் போய் வரிசையில் நின்றது, மார்க்கபந்து என்ற பெயரை ஆபீசருக்குச் சொல்ல வராமல் கடைசிவரை பந்து பந்து என்றே கூப்பிட்டது, செகந்திராபாத்தில் மோட்டார் வேலை பழகியது, ராஜஸ்தான் மணலில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே முதல் குண்டுச் சத்தத்தைக் கேட்டது. இலங்கைக்குப் போன கதை வந்தால் மட்டும் குரல் இறங்கும், நான் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். மெக்கானிக்காகப் போனவர், அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் வீடு வீடாகச் சோதனைக்கு அவரைக் கூடவே இழுத்துக்கொண்டு போனார்களாம். இவங்க கேட்கிறதை அவங்களுக்குச் சொல்ல வேண்டும், அவங்க சொல்றதை இவங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெரியவர் கையை விரித்துக்கொண்டு வழியை மறித்தாராம். 'உள்ளுக்கு ஒருத்தரும் போகாதேங்கோ தம்பி, மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது.' ஆபீசர் என்ன சொல்கிறான் என்று கேட்க, இவர் சொல்ல, பொய், தள்ளிவிட்டுப் போ என்றாராம். "நான் சொன்னேன்மா, சார், இது பொய் இல்ல, நான் பொறுப்பு, கொஞ்சம் நில்லுங்கன்னு." வெயிலில் ரோட்டிலேயே எல்லோரும் நின்றிருக்கிறார்கள். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் வந்ததும் ஆபீசர் போகலாம் என்று கையைக் காட்டினாராம். "பையனா பொண்ணா தாத்தா?" "தெரியலம்மா, கேக்கல." மோனி விடமாட்டாள். "மத்த வீட்லல்லாம் இன்னா ஆச்சி?" நாற்காலி நகர்கிற சத்தம், செருப்பு மாட்டுகிற சத்தம். அப்புறம் தெருவில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கத்து வார்த்தைகளையும் சுமந்து சுமந்து மனுஷனுக்கு வாயே கசந்து போயிருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது, குழந்தையை நடுவில் விட்டா கேட்க முடியும்.

பட்டாளத்திலிருந்து வந்து பைபாஸ் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். கிணற்று மோட்டார், கிரைண்டர், ஃபேன், எது கருகினாலும் அவரிடம்தான் வரும். கருகின கம்பியைப் பிடுங்கிப் போட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பார். அந்த வார்னிஷ் வாசனை அவர் சட்டையில், தலையணையில், கடைசியில் மோனியின் தலைமுடியிலும் இருக்கும், ஏனென்றால் அவளுக்குப் பின்னிவிட்டவர் அவர்தான். நான் விடியும்போதே கம்பெனி வேனுக்கு ஓடிவிடுவேன், ஹவில்தார் மார்க்கபந்து முழங்காலுக்கு நடுவில் பேத்தியை உட்கார வைத்து இரட்டைப் பின்னல் போடுவார். முதலில் பார்க்கச் சகிக்காது. அப்புறம் கைக்கு வந்துவிட்டது, கம்பி சுற்றுகிற மாதிரி ஒரு சீராக, இறுக்கமாக, சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி பிரியாது. "யாருடி பின்னிவிடறது, கண்ணே மேல இழுத்துக்குது" என்று டீச்சர் கேட்டாளாம், எங்க தாத்தா மிலிட்டரி என்றாளாம் இவள். அவள் பெரியவளான அன்றைக்கு எங்கள் கம்பெனி கேட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். வாட்ச்மேன் ஆள் அனுப்பினான், நான் அலறிக்கொண்டு ஓடி வந்தேன், அவர் வேர்த்துப் போய் நிற்கிறார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அப்புறம் வாட்ச்மேன் பக்கம் திரும்பி, "அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, கொழந்த கூப்பிடுறா" என்றார். நான் ரெண்டடி தூரத்தில் நிற்கிறேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "உங்கள வீட்டுக்குப் போகச் சொல்றாரும்மா" என்றான். சிரிப்பு வருகிறது. பலாப்பழக்கார அம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். வாயை முந்தானையால் மூடிக்கொள்கிறேன்.

மோனி ஆஸ்டலுக்குப் போன பிறகு வீடு அப்படியே ஊமையாகிவிட்டது. அவர் காற்றைப் பார்த்து, தண்ணி வந்துடுச்சு என்பார், நான் குடத்தை எடுப்பேன். நான் சுவரைப் பார்த்து, சாப்பாடு ஆச்சு என்பேன், அவர் கை கழுவுவார். சாயங்காலம் ஃபோன் வந்தால்தான் வீட்டில் பேச்சு. வாசலில் நின்று அவளிடம் சொல்வார், "உங்கம்மா ரெண்டு நாளா இருமுறா, டாக்டர்கிட்ட போகச் சொல்லு." கொஞ்ச நேரத்தில் உள்ளே என் ஃபோன் அடிக்கும், "அம்மா, தாத்தா டாக்டர்கிட்ட போகச் சொல்றாரு." பேசுவது சேலத்துக்குப் போய்த் திரும்பி வரும், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே. "எனக்கு வேற வேலையே இல்லையா, ரெண்டு பேரும் நேராப் பேசித் தொலைங்க" என்று கத்துவாள். பேசவில்லை. வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல், கம்பெனிக்குப் போகவில்லை. மத்தியானம் வழக்கத்துக்கு முன்னாலேயே கடையிலிருந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்சா, கொஞ்சம் தண்ணி" என்றார். அம்சா. என் பெயர் அம்சவேணி என்பது அவருக்குத் தெரியும் என்றே நான் நினைத்ததில்லை. அந்த ஒரு நொடி, எத்தனை தரம் நினைத்தாலும் அந்த ஒரு நொடியில் வந்துதான் மாட்டிக்கொள்கிறேன், தண்ணி என்பது காதில் ஏறவில்லை, பெயர்தான் ஏறியது, அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம்தான் ஓடினேன். சொம்பை நான்தான் பிடித்துக்கொண்டேன், ரெண்டு வாய் குடித்தார், "போதும்மா" என்றார். ஆஸ்பத்திரியில், கொண்டு வரும்போதே உயிர் போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா சொன்னாள், நான் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் தொப்பி வைத்துக்கொண்டு வந்து, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். தெருமுனைக்கு மேல் பெண்கள் போகக் கூடாது, நின்றுவிட்டோம். பாடை திரும்புகிறது. மாமா என்று ஒரு தடவை கூப்பிட வாயைத் திறந்தேன். எல்லாப் பெண்களும் அழுகிறார்கள், யார் கூப்பிட்டாலும் தப்பில்லை, ஊரே கூப்பிடுகிறது, எனக்கு வரவில்லை. பக்கத்தில் குழந்தையைத் தேடினேன், அதுதான் உண்மை, சொல்லியனுப்ப இடுப்பு உயரத்தில் ஒரு குழந்தையைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. தண்ணி வந்துடுச்சு என்று சத்தமாகச் சொன்னேன், சொல்லிவிட்டு என் குரலுக்கே பயந்து கதவைத் திறந்துபோட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மஞ்சவாடிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து இறங்குகிறது, சேலம் வந்துகொண்டிருக்கிறது. எப்படிச் சொல்வது. வரதனையே சொல்லச் சொல்லியிருக்கலாம், ஃபோனில். வார்டன் அம்மாவிடம் சொல்லி அவர்கள் சொல்லியிருந்தால். இல்லை. இனிமேல் நடுவில் யாரும் கிடையாது, அவளும் நானும்தான், நாங்கள் இரண்டு பேரும்கூட இத்தனை வருஷம் அவரை வைத்துத்தானே பேசினோம், தாத்தா சொன்னாரு, தாத்தாகிட்ட கேளு, தாத்தாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் என்று. அவரைக் கழித்துவிட்டால் எனக்கும் அவளுக்கும் பேச என்ன இருக்கிறது. முகத்தைக்கூடப் பாக்க விடலியே என்று கேட்டால். அங்கேயே நின்றுகொண்டு, உன்கூட வரமாட்டேன் போ என்று சொல்லிவிட்டால். வரமாட்டாள், எனக்குத் தெரியும், அவருக்கு இருந்த அதே பிடிவாதம். பலாப்பழக்கார அம்மாள் அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கும்போது, "பொண்ணக் கேட்டதா சொல்லு" என்றாள். அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்கினேன். வெயில். காலேஜ் கேட்டுக்கு வெளியே அப்பா அம்மாக்கள் பைகளோடு நிற்கிறார்கள். மணி அடித்ததும் வெள்ளைச் சீருடையில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், எல்லாம் ஒரே மாதிரி கொண்டை, எனக்குத் தேடத் தெரியவில்லை, அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். "ம்மா! நீ வந்தியா! லீவு குடுத்தாங்களா?" ஓடி வந்தாள். முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தாத்தா டீ குடிக்கப் போய்ட்டாரா?"

"மோனி, தாத்தா செத்துப்போய்ட்டாரு" என்றேன். நானேதான் சொன்னேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது, போகவில்லை, முகத்தில் மறந்து வைத்த மாதிரி இருந்தது. "எப்போ?" "வெள்ளிக்கிழமை." "போன வெள்ளிக்கிழமையா? தூங்குறாருன்ன. கடைக்குப் போயிருக்காருன்ன." "ஆமா." "நேத்து சிரிச்சியேம்மா." "ஆமா மோனி." அவள் பையைக் கீழே எறிந்தாள். என் கையைத் தட்டிவிட்டாள், தொடாத என்றாள், உன்ன யாரு கேட்டா, நீ யாரு முடிவு பண்ண, என் தாத்தா, உனக்கின்னா தெரியும், நீ அவருகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே என்று கத்தினாள். மற்ற அப்பா அம்மாக்கள் விலகிப் போனார்கள். அவள் கத்துவதற்கெல்லாம் ஆமாம் என்றேன், தலையாட்டாமல், வாயால். வெள்ளைச் சீருடையோடு அந்தப் புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன், எதிரில். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், தோள் குலுங்கியது, நான் தொடவில்லை, தொடாதே என்றாளே. தண்ணி கேட்டாரு, குடுத்தேன், குடிச்சாரு, வலியில துடிக்கல என்று சொன்னேன். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு என்று சொன்னேன். அழுகை கொஞ்சம் நின்றது. ஒரு பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நிழல் எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்தது. அப்புறம் அவள் முகத்தைத் தூக்கினாள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள், காய்ச்சலில் உலர்ந்த உதட்டைப் பார்த்தாள், பின்னாமல் சும்மா முடிந்திருந்த தலையைப் பார்த்தாள், இவ்வளவு நேரம் என்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்த மாதிரி பார்த்தாள்.

"வரதப் பெரியப்பாவெல்லாம் எப்ப போனாங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்புறம் அந்த வீட்ல யாரும்மா இருந்தா? நீ மட்டும் தனியாவா இருந்த?"

"ஆமா," என்றேன்.